நாலு வயசுப் பிள்ளையின் விரலைப் பூங்கா வாசலில் வைக்கச் சொன்னால்

திருமங்கலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மே விடுமுறையில் ஃப்ளோரிடாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். மகனுக்கு நாலு வயசு, மகளுக்கு எட்டு. அங்கே டிஸ்னி வேர்ல்டு வாசலில் சின்னப் பிள்ளைகளிடமும் கைரேகை எடுப்பார்கள் என்று தங்கை சொல்லியிருக்கிறார். இங்கே மகளுக்கு ஆதார் புதுப்பிக்கப் போனபோதோ, "விரல் பதியல, இன்னொரு நாள் கூட்டிட்டு வாங்க" என்று இரண்டு மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஆதார் மெஷினில் பதியாத விரல் பூங்கா வாசலில் மட்டும் எப்படிப் பதியும்? எடுத்ததை என்ன செய்வார்கள்? வேண்டாம் என்றால் உள்ளே விடுவார்களா?" என்பவை அவருடைய கேள்விகள். இந்த மூன்றுக்கும் அடியில், இன்றைக்கு ஒரு டிக்கெட்டுக்காகக் கொடுக்கிற ரேகை பிள்ளை வளர்ந்த பிறகு ஏதாவது வினையைக் கொண்டுவருமோ என்ற பயமும் இருக்கிறது. மதுரையில் கைரேகைக் கருவிகளைப் பொருத்துவதும் பராமரிப்பதும் என் தொழில். கருவி பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வது, இந்தத் தொழிலில் இருப்பவன் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுக்குத்தான். வழக்கு என்று போனால் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உங்களுக்கு உடனே வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் விரலை அங்கே வைக்கவே வேண்டியதில்லை. மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட்டே கிடையாது. 3 முதல் 9 வயது வரை குழந்தை டிக்கெட், 10 வயதிலிருந்து பெரியவர் டிக்கெட். 2016 வரை 3 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு விரல் வைப்பதிலிருந்து விலக்கு இருந்தது. அந்த ஆண்டுதான் அவர்களையும் வைக்கச் சொன்னார்கள். அப்போதே, பிள்ளையின் விரலை வைக்க விருப்பம் இல்லாத பெற்றோர் பிள்ளையின் டிக்கெட்டுக்குத் தங்கள் விரலை வைக்கலாம் என்றும் அறிவித்தார்கள். விரலே வேண்டாம் என்பவர்களுக்குப் படத்தோடு கூடிய அடையாள அட்டையைக் காட்டும் வழியும் உண்டு. ஆகவே உங்கள் டிக்கெட், மகன் டிக்கெட், மகள் டிக்கெட் மூன்றுக்கும் உங்கள் ஒரே ஆள்காட்டி விரலை வைத்தாலும் கருவி ஏற்றுக்கொள்ளும். அது ஏன் என்பது கருவி வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

கைரேகைக் கருவி இரண்டு விதமாக ஒப்பிடும். ஒன்று, "இந்த டிக்கெட்டோடு பதிவான விரலும் இப்போது வைத்த விரலும் ஒன்றா?" என்று ஒன்றுக்கு ஒன்றாகப் பார்ப்பது. மற்றொன்று, "இந்த விரல் நம்மிடம் இருக்கும் அத்தனை பேரில் யாருடையது?" என்று எல்லாவற்றோடும் பார்ப்பது. பூங்கா வாசலில் நடப்பது முதல் வகை. மீனாட்சியம்மன் கோயில் வாசலில் செருப்பு விட்டுவிட்டு வாங்கும் டோக்கன் மாதிரி, அந்த எண்ணுக்குரிய கட்டத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். பக்கத்துக் கட்டத்தில் யார் செருப்பு இருக்கிறது என்ற கேள்வியே எழாது. அதனால் ஒரே விரல் மூன்று டிக்கெட்டில் இருந்தாலும் குழப்பம் வராது. ஆதார் பதிவில் நடப்பது இரண்டாவது வகை. புதிதாக வருகிற ஒருவர் ஏற்கெனவே வேறு பெயரில் பதிந்தவரா என்று நூறு கோடிக்கு மேற்பட்டவர்களோடு ஒப்பிட வேண்டும். அதற்கு ஒரு விரல் போதாது. இடது நான்கு, வலது நான்கு, கட்டை விரல்கள் இரண்டு என்று பத்து விரலும், கருவிழிகள் இரண்டும், முகமும் எடுப்பது அதனால்தான். ஒவ்வொரு விரலின் படமும் குறிப்பிட்ட தரத்துக்கு மேல் இருந்தால்தான் மென்பொருள் ஏற்கும். உங்கள் மகளின் விரல் இந்தத் தரப் பரிசோதனையில் தட்டிப் போயிருக்கிறது. விரலில் குறை எதுவும் இல்லை. எட்டு வயசுப் பிள்ளைகள் பலருக்கும் நடப்பதுதான்.

ஏன் தட்டிப் போகிறது என்றால், ரேகை தாயின் வயிற்றில் இருக்கும்போதே, ஏழாவது மாதத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. சுழி எங்கே, கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு மாறாது. விரல் வளர வளர எல்லாம் சேர்ந்து விரியும், அவ்வளவுதான். வளர்ந்த ஆளின் விரலில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் சுமார் அரை மில்லிமீட்டர். சந்தையில் இருக்கும் பெரும்பாலான சென்சார்கள் அங்குலத்துக்கு 500 புள்ளி என்ற அளவில் படம் எடுப்பவை. அதாவது ஒரு கோடும் அதை அடுத்த பள்ளமும் சேர்ந்து ஒன்பது புள்ளி அளவுக்கு விழும். கோடு எது, பள்ளம் எது என்று பிரித்துப் பார்க்க அது தாராளம். பச்சிளம் குழந்தைக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய பாதிதான். நாலு புள்ளிக்குள் ஒரு கோடும் ஒரு பள்ளமும் அடங்க வேண்டும் என்றால் படம் கஞ்சி மாதிரி குழம்பிவிடும். நாலு வயசில் கொஞ்சம் தேறியிருக்கும், எட்டு வயசில் இன்னும் தேறியிருக்கும், ஆனாலும் பெரியவர்கள் அளவுக்கு வராது. இதனால்தான் ஆதாரில் 5 வயதுக்குக் கீழே கைரேகையே எடுப்பதில்லை. படத்தை மட்டும் எடுத்து, அப்பா அல்லது அம்மாவின் ஆதாரோடு இணைத்துவிடுகிறார்கள். 5 வயதில் ஒரு முறையும் 15 வயதில் ஒரு முறையும் கைரேகையைப் பதியச் சொல்வதும் இதே காரணத்தால்தான். ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவில் 12 வயதுக்குக் கீழே விலக்கு என்று வைத்ததற்கும் இந்த அளவுச் சிக்கலே முக்கியக் காரணம்.

சின்னப் பிள்ளையின் ரேகையை எடுக்கவே முடியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஆக்ராவின் தயால்பாக்கில் உள்ள மருத்துவமனையில் 5 வயதுக்குட்பட்ட சுமார் 300 குழந்தைகளை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். அங்குலத்துக்கு 1270 புள்ளி எடுக்கும் தனிக் கருவியை வைத்து, ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளை ரேகையால் நல்ல நம்பிக்கையோடு அடையாளம் காண முடிகிறது என்று காட்டினார்கள். தடுப்பூசி, சத்துணவு போன்றவை சரியான குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் செய்த ஆய்வு அது. ஆகவே முடியுமா என்ற கேள்விக்கு, "தக்க கருவி இருந்தால் முடியும்" என்பது உறுதியான பதில். நம் ஊரில் டியூஷனிலும் ஜிம்மிலும் மாட்டியிருக்கும் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க் கருவிகளால் நாலு வயசுப் பிள்ளையை நம்பகமாக அடையாளம் காண முடியாது என்பதும் அதே அளவு உறுதி. பூங்காக்காரர்கள் ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடுவதால் கொஞ்சம் மங்கலான படமே அவர்களுக்குப் போதும். வரிசை நகர வேண்டும் என்பதால் பொருத்தத்தின் அளவையும் கொஞ்சம் தளர்த்தியே வைத்திருப்பார்கள். தப்பு என்று சிவப்பு விளக்கு எரிந்தால், ஊழியர் முகத்தைப் பார்த்தும் பெயரைக் கேட்டும் உள்ளே விடுவார். ஆதார் மெஷின் நிராகரித்த விரல் அங்கே தேறுவதற்கு இதுதான் காரணம்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், டிக்கெட் கை மாறுவதைத் தடுக்கத்தான். பல நாள் டிக்கெட்டில் முதல் ஒன்றிரண்டு நாளுக்குத்தான் விலை அதிகம். அடுத்தடுத்த நாளுக்குக் கூடுதல் தொகை குறைந்துகொண்டே போகும். அதனால் ஏழு நாள் டிக்கெட்டை வாங்கி, நாலு நாள் சுற்றிவிட்டு, மிச்சத்தை வேறு ஒருவருக்கு விற்கிற வியாபாரம் அங்கே வெகுநாளாக நடந்தது. அதைத் தடுக்க முதலில் விரல்களின் நீள அகலத்தை அளக்கும் கருவி வைத்திருந்தார்கள். 2000களின் நடுப்பகுதியில் ரேகைக்கு மாறினார்கள். பாதுகாப்புக்காக என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆயுதச் சோதனை வேறு இடத்தில் வேறு கருவியில் நடக்கிறது. விரல் கருவி முழுக்க முழுக்கப் பணப் பாதுகாப்புக்கு. நாலு வயசுப் பிள்ளையின் டிக்கெட்டைக் கைமாற்றி விற்பதால் அவர்களுக்கு எவ்வளவு இழப்பு, அதற்காக அந்தப் பிள்ளையிடம் வாழ்நாள் அடையாளத்தைக் கேட்பது தகுமா என்று யோசித்தால், தகாது என்பதே என் கருத்து. 2016க்கு முன்பு பிள்ளைகளின் விரல் இல்லாமலே அந்த வாசல் நடந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்தது, எடுத்ததை என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி. விரலின் படத்தை எடுத்து, அதை எண்ணாக மாற்றி, படத்தை அழித்துவிடுகிறோம் என்பது டிஸ்னியின் அறிவிப்பு. எண் என்றால் வங்கிக் கணக்கு எண் மாதிரி ஒரே எண் என்று நினைக்க வேண்டாம். பொதுவாக இந்தக் கருவிகள் கோடு முடியும் இடம், பிரியும் இடம் ஆகியவற்றைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றும் படத்தில் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளும். ஒரு விரலில் இப்படி முப்பது நாற்பது புள்ளிகள் கிடைக்கும். அந்தக் குறிப்புகளின் தொகுப்பைத்தான் தொழிலில் டெம்ப்ளேட் என்கிறோம். பெரும்பாலும் ஒரு கிலோபைட்கூட வராது. "படம் இல்லை, எண்தான்" என்பதால் முழுப் பாதுகாப்பு என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வார்கள். அது பாதி உண்மை. தரப்படுத்தப்பட்ட டெம்ப்ளேட்டிலிருந்து ரேகைப் படத்தைத் திரும்ப உருவாக்கி, கருவிகளை ஏமாற்றும் அளவுக்குக் கொண்டுவர முடியும் என்று இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் அதற்கு அந்த டெம்ப்ளேட் திருடன் கைக்குப் போக வேண்டும், அது பூட்டப்படாத வடிவில் இருக்க வேண்டும், எந்த அமைப்பு என்றும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் சர்வரில் பூட்டிய நிலையில் இருப்பதற்கும், மூலையில் தொங்கும் சின்னக் கருவியில் திறந்து கிடப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. படத்தை அழித்துவிட்டோம் என்பது நிறுவனத்தின் சொல். உள்ளே போய்ப் பார்த்துச் சரிபார்க்க உங்களாலும் என்னாலும் முடியாது. அந்தச் சொல்லை நம்பி வாழ்நாள் ரேகையைக் கொடுக்கத் தேவை இல்லாதபோது எதற்குக் கொடுக்க வேண்டும்? கொடுத்தால் உடனே ஆபத்து என்று இதற்கு அர்த்தம் இல்லை, கொடுக்காமல் இருக்க வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ரேகை கசிந்தால் மாற்ற முடியாது என்பதுதான் இதில் கனமான விஷயம். 2015ல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் திருடுபோயின. 2019ல் கதவுகளுக்கான கைரேகைக் கருவிகள் செய்யும் ஒரு பெரிய நிறுவனத்தின் தரவுத்தளம் பூட்டில்லாமல் கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் ரேகை விவரம் இருந்தது. நம் நாட்டிலும் 2018ல் தெலங்கானாவில் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த பெருவிரல் ரேகைகளை எடுத்து, ரப்பர் விரல் செய்து சிம் கார்டு வாங்கியவர் பிடிபட்டார். அதே உத்தியில் ஆதார் வழியாக வங்கிப் பணம் எடுத்த மோசடிகள் பிறகு பல மாநிலங்களில் நடந்தன. இவற்றில் பாதிக்கப்பட்டவர்கள் பெரியவர்கள்தான். நாலு வயசில் கசிந்த ரேகை என்ன செய்யும் என்பதற்குச் சான்று சொல்லும் அளவுக்கு இந்தத் தொழில்நுட்பத்துக்கே இன்னும் வயசாகவில்லை. அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயதாகும்போது எதற்கெல்லாம் ரேகை பூட்டாக இருக்கும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பெரியவர்களுக்குச் சரி என்று விடுவதைப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு பூங்கா வழக்கே முன்னுதாரணமாக இருக்கிறது. 2014ல் சிகாகோ பக்கத்தில் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காவில் 14 வயதுப் பையன் ஒருவனிடம் சீசன் பாஸுக்காகக் கட்டை விரல் ரேகையை எடுத்தார்கள். அவன் பள்ளிச் சுற்றுலாவில் போயிருந்தான். அம்மாவுக்குத் தெரிந்தது பையன் வீடு திரும்பிய பிறகுதான். எதற்கு எடுக்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. இல்லினாய் மாநிலத்தில் 2008லிருந்தே உயிரியல் அடையாளத்துக்குத் தனிச் சட்டம் உண்டு. எழுத்தில் சொல்ல வேண்டும், எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், நோக்கம் முடிந்ததும், எப்படியானாலும் கடைசித் தொடர்பிலிருந்து மூன்று ஆண்டுக்குள், அழிக்க வேண்டும். ரேகை களவு போகவில்லையே, என்ன நஷ்டம் என்று பூங்கா தரப்பு வாதாடியது. நஷ்டம் நடந்ததைக் காட்ட வேண்டியதில்லை, சட்டப்படி கேட்காமல் எடுத்ததே போதும் என்று 2019 ஜனவரியில் இல்லினாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பூங்கா நிறுவனம் பின்னர் 3.6 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. நீங்கள் போகிற ஃப்ளோரிடாவில் இப்படிப் பூங்காவைக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை. அதே ஃப்ளோரிடாவில் 2013ல் ஒரு மாவட்டத்துப் பள்ளிகளில் பேருந்துக்காகப் பிள்ளைகளின் கருவிழியைப் பெற்றோரைக் கேட்காமல் படம் எடுத்து, பெரும் எதிர்ப்பு கிளம்பி, 2014ல் பள்ளிகள் மாணவர்களின் உயிரியல் அடையாளங்களை எடுக்கவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். பள்ளிக்குத் தடை, பூங்காவுக்குத் தடை இல்லை.

இனி வாசலில் செய்ய வேண்டியது. முதல் நாள் எந்த டிக்கெட்டுக்கு யார் விரலை வைக்கிறீர்களோ, அடுத்த நாள்களிலும் அதே ஆள்தான் வைக்க வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். முதல் நாள் மகன் டிக்கெட்டுக்கு அப்பா விரலை வைத்துவிட்டு, மூன்றாம் நாள் அப்பா தங்கை வீட்டில் ஓய்வெடுக்க, அம்மா மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் சிவப்பு விளக்கு எரியும். யார் எல்லா நாளும் வருவாரோ அவர் விரலை வையுங்கள். வலது ஆள்காட்டி விரல் என்றால் எல்லா நாளும் வலது ஆள்காட்டி விரல். வைக்கும்போது நுனியைக் குத்தி வைக்காமல், நகத்துக்கு நேர் பின்னால் சுழி இருக்கும் சதைப் பகுதியைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். அழுத்த வேண்டாம். கிருமிநாசினி தடவிய உடனே வைத்தால் தோல் உலர்ந்து ரேகை சரியாக விழாது, ஒரு நிமிடம் பொறுக்கலாம். சன்ஸ்கிரீன் கிரீம் தடவிய விரலை வைத்தால் கண்ணாடியில் எண்ணெய் படிந்து, முந்தைய ஆளின் ரேகையும் உங்களுடையதும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். துடைத்துவிட்டு வையுங்கள். நீர் விளையாட்டில் ஊறி விரல் சுருங்கியிருக்கும்போது மறுபடி உள்ளே வர நேர்ந்தால் தட்டிப் போக வாய்ப்பு உண்டு. அப்போது பதறாமல் அடையாள அட்டையைக் காட்டினால் போதும்.

அடையாள அட்டை என்று வரும்போது நம் ஆட்களுக்கே உரிய தொந்தரவு ஒன்று இருக்கிறது. டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், அல்லது அந்தக் கட்டம் காலியாக இருக்கும். ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது கடைசிப் பெயரைக் கேட்கும், அவசரத்தில் இனிஷியலைப் போட்டுவிடுவோம். அங்கே வாசலில் நிற்கும் ஊழியருக்கு "எஸ்" என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து என்று புரியவைக்கப் பின்னால் கூட்டம் விடாது. தங்கை வீட்டிலிருந்து டிக்கெட் எடுக்கிறார்கள் என்றால், நாலு பேரின் பாஸ்போர்ட் படத்தையும் அனுப்பி, அதில் உள்ளபடியே எழுத்து மாறாமல் போடச் சொல்லுங்கள். பூங்காவுக்குப் போகிறபோது பிள்ளைகளின் பாஸ்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். இந்திய ஆதார் அட்டையை அங்கே காட்டவும் வேண்டாம், நகல் கொடுக்கவும் வேண்டாம்.

விரல் வைப்பதால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். ஆகாது. சில கருவிகளில் சின்ன எல்இடி விளக்கு மட்டும்தான் இருக்கும். சிலவற்றில் அதுவும் இல்லாமல் தோலின் மின்னேற்றத்தை மட்டும் உணரும். கை கழுவிக்கொண்டால் போதும்.

பூங்காவில் கொடுக்கும் ரேகை ஆதாரைப் பாதிக்குமா என்பதற்கு வருகிறேன். இரண்டுக்கும் எந்த இணைப்பும் இல்லை. ஆனால் ஒரே விரல்தான் என்பதால், எங்கிருந்து கசிந்தாலும் ரேகையைப் போலியாகச் செய்து ஆதார் கருவியில் வைத்துப் பார்க்க முடியும் என்ற சந்தேகம் நியாயமானதே. அதற்குத் தடுப்பு நம் கையில் இருக்கிறது. ஆதார் இணையதளத்திலோ செயலியிலோ கைரேகையைப் பூட்டிவைக்கலாம். பிள்ளையின் ஆதாரில் உங்கள் கைபேசி எண் இருந்தால், வரும் ஓடிபியை வைத்துப் பிள்ளைக்கும் பூட்டலாம். பூட்டிய பிறகு யார் விரலை வைத்தாலும் 330 என்ற பிழை எண் வரும். ரேஷன் கடையில் குடும்பத்தில் எல்லோருடைய விரலையும் வைக்கச் சொல்லும் கேஒய்சி நாளில் மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம், கொஞ்ச நேரத்தில் தானாகவே பூட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்கும் இதைச் செய்துவையுங்கள். பத்திரப்பதிவில் ரேகை வைத்தவர்கள் எல்லோருக்கும் இது அவசியம்.

என் கவலை ஃப்ளோரிடாவைவிட நம் ஊரைப் பற்றித்தான் அதிகம். நம் பக்கத்துப் பொழுதுபோக்குப் பூங்காக்களில் பெரும்பாலும் கையில் கட்டும் பட்டையும் க்யூஆர் சீட்டும்தான், அதுவே போதும். ஆனால் அண்ணா நகர், கே.கே. நகர் முதல் திருநகர் வரை டியூஷன் சென்டர், பேட்மின்டன் பயிற்சி, நீச்சல் குளம், விடுதி என்று பிள்ளைகள் போகிற இடங்களில் சுவரில் கைரேகை மெஷின் தொங்குகிறது. வருகைப் பதிவு என்கிறார்கள். "எத்தனை நிமிஷம் லேட்டாச்சுன்னு அப்பாவுக்கு மெசேஜ் போகும்" என்று அதைப் பெருமையாகவும் சொல்கிறார்கள். அந்த மெஷின்களைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பலவற்றில் நிர்வாகி என்று ஒருவரைப் பதிந்திருக்கவே மாட்டார்கள். மெனு பட்டனை அழுத்தினால் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். பென் டிரைவ் செருகினால் எல்லோருடைய டெம்ப்ளேட்டையும் பெயரோடு இறக்கிக்கொள்ளலாம். வைஃபையில் இணைத்த மெஷின்களில் தொடர்புக் கடவுச்சொல் தொழிற்சாலையில் வைத்த பூஜ்ஜியமாகவே இருக்கும். எல்லாவற்றிலும் மோசம், மெஷின் பழசாகி எக்ஸ்சேஞ்சில் போடும்போது உள்ளே இருப்பதை யாரும் அழிப்பதில்லை. முந்நூறு பிள்ளைகளின் ரேகையும் பெயரும் அந்தப் பெட்டியோடு செகண்ட் ஹேண்ட் கடைக்குப் போகின்றன.

இதற்கு மாற்று அந்த மெஷினிலேயே இருக்கிறது. பெரும்பாலானவற்றில் கார்டு படிக்கும் வசதியும் சேர்ந்தே வரும். ஒரு கார்டு முப்பது, நாற்பது ரூபாய். தொலைத்தால் வேறு கார்டு கொடுக்கலாம், பிள்ளை நின்றுவிட்டால் எண்ணை நீக்கினால் போதும். "எங்க பிள்ளைக்கு விரல் வேண்டாம், கார்டு போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. விரல் ஏற்கெனவே பதிந்திருந்தால், பயனர் பட்டியலில் பிள்ளையின் எண்ணைத் திறந்து கைரேகையை மட்டும் நீக்கச் சொல்லி, கணினியில் இருக்கும் நகலையும் கேளுங்கள். மெஷினில் அழித்தாலும், அடுத்த முறை மென்பொருள் ஒத்திசைக்கும்போது கணினியிலிருந்து திரும்ப ஏறிவிடும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதலில் கணினியில் அழித்துவிட்டு, பிறகு மெஷினில் அழிக்க வேண்டும்.

சட்டமும் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011ல் வந்த விதிகளிலேயே உயிரியல் அடையாளம் நுட்பமான தனிநபர் தகவல் என்று சொல்லப்பட்டு, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று இருக்கிறது. 2023ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவு. 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம். பிள்ளைகள் விஷயத்தில் மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதாவது 2027 மே வாக்கில். கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகளும் உண்டு. சின்ன டியூஷன் சென்டர் மீது இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் பாயும் என்பது நடைமுறையில்தான் தெரியும். பிரிட்டனின் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு 2012லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் பள்ளி ரேகை எடுக்கக் கூடாது. பெற்றோர் சம்மதித்தாலும் பிள்ளை வேண்டாம் என்றால் எடுக்கக் கூடாது. அந்த இரண்டாவது வரி நம் சட்டத்திலும் வர வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

கடைசியாக மகளின் ஆதார். பூங்காவுக்குச் சொன்ன அதே காரணங்கள் அங்கே எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். ரேகை நன்றாக விழ வேண்டும். காலை நேரம் போங்கள், கூட்டம் குறைவாக இருக்கும், ஆபரேட்டருக்குப் பொறுமையும் இருக்கும். போகும் முன்பு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். வறண்ட விரலும் கூடாது, வியர்வை வழியும் விரலும் கூடாது. வீட்டில் விசேஷம் என்று மருதாணி வைத்திருந்தால் அது மங்கும்வரை பொறுப்பது நல்லது. ஆபரேட்டர் பிள்ளையின் விரல்களைப் பிடித்து அழுத்துவார்கள், அதுதான் பெரும்பாலும் கெடுக்கிறது. பிள்ளைகளின் தோல் மெத்தென்று இருப்பதால் அழுத்தினால் கோடுகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். லேசாகப் படியவைத்து, கையை அசைக்காமல் இரண்டு விநாடி வைத்திருந்தால் போதும். கண்ணாடியை ஒவ்வொரு முறையும் துடைக்கச் சொல்லுங்கள். அப்படியும் தரம் வரவில்லை என்றால், சில முயற்சிக்குப் பிறகு கிடைத்த படத்தை அப்படியே ஏற்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது. கருவிழி நன்றாகப் பதிந்தால் அதுவே துணை. "இன்னொரு நாள் வாங்க" என்று அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை, அதைச் சொல்லிக் கேளுங்கள். 5 முதல் 7 வயதுக்குள் இந்தப் புதுப்பிப்பு இலவசம். 7 தாண்டியவர்களுக்கும் 2025 அக்டோபர் 1 முதல் ஓராண்டுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்திருக்கிறார்கள். போகிற நாள் அந்த ஓராண்டுக்குள் இருந்தால் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். முடித்து, புதுப்பிப்பு ஏற்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்த பிறகு, விமானம் ஏறுவதற்கு முன்பாகவே முன்பு சொன்ன ஆதார் கைரேகைப் பூட்டையும் போட்டுவிடுங்கள்.